அமெரிக்காவில் வாக்காளர் அடையாளச் சட்டங்களை எதிர்ப்பது ஏன்?

கேள்வி இதுதான்: இந்தியாவில் நாம் எல்லோரும் அடையாள அட்டையைக் காட்டித்தான் வாக்களிக்கிறோம், அதில் யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை, அப்படியிருக்க, அமெரிக்காவில் வாக்குச்சாவடியில் அட்டை கேட்டாலே ஏழைகளின் வாக்குரிமையைப் பறிக்கிறார்கள், கறுப்பின மக்களை ஒதுக்குகிறார்கள் என்று எதிர்ப்பு எழுவது ஏன்? கேட்பவரின் வியப்பு நியாயமானது. உலகின் மிகப் பெரிய தேர்தலை நடத்தும் நாட்டிலிருந்து பார்க்கும்போது, ஓர் அட்டைக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்குவது விநோதமாகத்தான் தெரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டை கேட்பது என்ற செயல் இரு நாடுகளிலும் ஒன்றாகத் தெரிந்தாலும், அந்த அட்டையை வாக்காளரின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்பதில் இரண்டு நாடுகளும் முற்றிலும் வேறுபடுகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் அரசு அந்தச் சுமையைச் சுமக்கிறது. அமெரிக்காவில் அதைக் குடிமகன் சுமக்கிறான். அங்கே நடக்கும் சண்டையின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பது. மீதிப் பகுதி அந்த நாட்டின் தென் மாநிலங்களின் வரலாற்றிலிருந்து வருவது.

அரசுப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் சில தேர்தல்களில் வாக்குச்சாவடியின் முதல் நிலை அலுவலராக அமர்ந்திருக்கிறேன். அந்த மேசையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அட்டையின் உண்மையான இடம் விளங்கும். வாக்காளர் உள்ளே வந்ததும் பட்டியலில் அவருடைய வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்கிறோம். எதிரே அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அதே பெயரைத் தேடி அடித்துக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த மங்கலான படத்தோடு ஒரு மூதாட்டி வந்தால், அட்டையில் இருப்பது அவரா, அவருடைய மகளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதிரும் புதிருமான இரண்டு கட்சிகளின் முகவர்களும் அவர் இன்ன தெரு, இன்னார் வீடு என்று ஒரே குரலில் சொல்வார்கள். அதன் பிறகு அவர் நூறு நாள் வேலை அட்டையை எடுத்து நீட்டினால் போதும், விரலில் மை வைக்கப்படும்.

அதாவது பட்டியல் முதலில் பேசுகிறது, ஊர் அடுத்துப் பேசுகிறது, அட்டை அவற்றுக்குத் துணை நிற்கிறது. வாக்காளர் அடையாள அட்டை கையில் இல்லாவிட்டால் ஆதார், வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, ஓய்வூதிய ஆவணம் என்று 12 மாற்று ஆவணங்களைத் தேர்தல் ஆணையம் ஏற்கிறது. வந்திருப்பவர் அவரல்ல என்று ஒரு முகவர் ஆட்சேபித்தால், அவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபணையைப் பதிவு செய்ய வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். ஒருவருடைய வாக்கை வேறொருவர் முன்பே போட்டுவிட்டுப் போயிருந்தால், தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49P விதியின்படி உண்மையான வாக்காளர் வாக்குச்சீட்டில் ஆய்வுக்குரிய வாக்கைப் பதிவு செய்யலாம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மைசூர் மை, ஒருவர் இரண்டாம் முறை வருவதைத் தடுக்கிறது. இத்தனை ஏற்பாடுகளுக்கு நடுவில்தான் அட்டை இருக்கிறது.

அதைவிட முக்கியமான விஷயம், அந்த அட்டை எப்படி வந்தது என்பது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். படிவத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அட்டை இலவசமாக வருகிறது. வாக்களிக்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் யாரும் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் நெறிமுறை. அருணாசலப் பிரதேசத்தின் மலைக்காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல் பணியாளர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து போய்ச் சாவடி அமைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் இல்லாமல் வாக்காளரை அடையாளம் காண முடியாது என்ற தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் நிலைப்பாடு நிர்வாக அளவில் சரியானது. ஆனாலும் அந்தப் பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை. பிற்காலத்தில், 1993இல், டி. என். சேஷன் புகைப்பட அடையாள அட்டைத் திட்டத்தைக் கொண்டுவந்து, அட்டை வழங்காத மாநிலங்களில் 1995 ஜனவரி 1க்குப் பிறகு தேர்தல் நடத்தப்போவதில்லை என்று எச்சரித்தபோது, அட்டை இல்லை என்ற காரணத்துக்காகத் தேர்தலை நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அட்டை அவசியமென்றால் அதை வழங்குவது அரசின் வேலை என்ற புரிதல் இப்படிப் படிப்படியாகத்தான் இங்கே வேரூன்றியது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. மத்திய அரசு எல்லோருக்கும் அட்டை கொடுத்துக் கண்காணிப்பதை இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்தே நெடுங்காலமாக எதிர்த்து வந்திருக்கிறார்கள். தேர்தலை நடத்துவது மாநிலங்களும் அவற்றின் கீழுள்ள, நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகளும்; நம்முடைய தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு எதுவும் இல்லை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதும் குடிமகனே தேடிப்போய்ச் செய்யவேண்டிய காரியம். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே பதிவு செய்துகொள்ளும் வசதி 1993 சட்டத்தால் வந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் குழப்பத்துக்குப் பின் 2002இல் இயற்றப்பட்ட சட்டம், அஞ்சல் வழியே பதிவு செய்து முதன்முறை வாக்களிக்க வருபவரிடம், அவருடைய விவரங்கள் முன்பே சரிபார்க்கப்படாத நிலையில், ஏதாவது ஓர் ஆவணம் கேட்க வேண்டும் என்றது. மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளக் காசோலை ஆகியவையும் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லும்.

வாக்குச்சாவடியில் அட்டை கேட்பது குறித்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சுமார் 36 மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் அடையாளம் கேட்கின்றன. கலிஃபோர்னியா போன்ற மற்ற மாநிலங்களில் பொதுவாகப் பெயரும் முகவரியும் சொல்லிக் கையெழுத்திட்டால் போதும். கேட்கும் மாநிலங்களுக்குள்ளும் ஒரு பெரிய பிரிவினை உண்டு. சிலவற்றில் அட்டை இல்லாதவர் நான்தான் இன்னார் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அவருடைய வாக்கு எண்ணப்படும். கண்டிப்பான மாநிலங்களில் அவருக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு தரப்படும். குறிப்பிட்ட சில நாள்களுக்குள் அவர் அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால்தான் அது எண்ணிக்கையில் சேரும். வழக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கண்டிப்பான சட்டங்களைப் பற்றியவை.

அமெரிக்கர்களில் பெரும்பாலோரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, அதனால் அவர்களுக்கு இந்தச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை. கார் ஓட்டாதவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்: முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள், மாணவர்கள், நகரத்து ஏழைகள். அவர்களுக்கு மாநிலம் இலவசமாக அட்டை தரும் என்று சட்டம் சொல்லும். அந்த இலவச அட்டையை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் வேண்டும், அதைப் பெறச் சில இடங்களில் அடையாள அட்டையே வேண்டும், அலுவலகம் பல மைல் தள்ளி வாரத்தில் சில நாள்கள் மட்டும் திறந்திருக்கும். இருப்பிடச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா அலுவலகப் படி ஏறியவர்களுக்கு இந்த அலைச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, வரலாறு. 1870இல் வந்த 15ஆவது திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதன் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தென் மாநிலங்கள் இனம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் கறுப்பின மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தின. எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். தேர்வில் தேறியவர் யார் என்பதைப் பதிவு அலுவலர் தன் விருப்பப்படி தீர்மானித்தார். வாக்களிக்க வேண்டுமானால் கட்டியாக வேண்டிய வாக்குவரியை விதித்தார்கள். மத்தியத் தேர்தல்களில் வாக்குவரியை 1964இல் 24ஆவது திருத்தம் ஒழித்தது. வர்ஜீனியா மாநிலத் தேர்தலுக்குக் கேட்ட ஒன்றரை டாலர் வரியை 1966இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எல்லோருக்கும் பொதுவான, பார்வைக்கு நியாயமான ஒரு நிபந்தனையை வைத்து ஒரு சாராரை மட்டும் வடிகட்ட முடியும் என்பது அந்த மக்களுக்கு அனுபவத்தில் கிடைத்த பாடம். அட்டை என்றதும் அவர்களுக்கு அந்த வரி ரசீது நினைவுக்கு வருவதை மிகை என்று நாம் சொல்லிவிட முடியாது.

1965 வாக்குரிமைச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தது. பாகுபாட்டு வரலாறு கொண்ட 9 மாநிலங்களும் வேறு சில பகுதிகளும் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்வதானாலும் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி பெற வேண்டும். 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்தெந்தப் பகுதிகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்பதைத் தீர்மானித்த சூத்திரம் காலாவதியாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முன் அனுமதி மறுக்கப்பட்டு முடங்கிக் கிடந்த தன் புகைப்பட அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக டெக்சாஸ் அதே நாளில் அறிவித்தது. வட கரோலினா ஒரு படி மேலே போனது. எந்தெந்த வாக்களிப்பு வசதியை எந்த இனத்தவர் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைச் சட்டமன்றத்தினர் கேட்டு வாங்கி, அட்டை நிபந்தனையோடு முன்கூட்டிய வாக்களிப்பு நாள்களைக் குறைப்பது, வாக்களிக்கும் அன்றே பதிவு செய்யும் வசதியை நீக்குவது எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கினார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நிகரான துல்லியத்தோடு கறுப்பின மக்களைக் குறிவைத்த சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அதை ரத்து செய்தது.

டெக்சாஸ் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த விவாதத்தின் உயிர்நாடி அதன் பட்டியலில் இருக்கிறது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் செல்லும். அரசுப் பல்கலைக்கழகம் புகைப்படத்தோடு வழங்கிய மாணவர் அட்டை செல்லாது. இரண்டும் ஆளை அடையாளம் காட்டுகின்றன, இரண்டையும் அரசு அமைப்புகளே வழங்குகின்றன. யாரிடம் எந்த அட்டை இருக்கும், அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கக்கூடும் என்பதை அரசியல்வாதிகள் அறியாதவர்கள் அல்லர். பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 6 லட்சத்து 8 ஆயிரம் பேரிடம், அதாவது 4.5 விழுக்காட்டினரிடம், அந்தப் பட்டியலில் உள்ள அட்டை எதுவும் இல்லை என்று 2014இல் மாவட்ட நீதிமன்றம் கண்டறிந்தது. சட்டத்தின் விளைவு பாகுபாடானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016இல் சொன்ன பிறகு, அட்டை பெற முடியாததற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, வேறோர் ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கும் வழி திறந்துவிடப்பட்டது; 2017இல் அது திருத்தச் சட்டமாகவே ஆனது. இந்த மாற்றத்துக்குப் பின் அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நின்றது. என்னைக் கேட்டால், முதலிலேயே அப்படி எழுதியிருந்தால் ஐந்தாண்டு வழக்குக்கே தேவை இருந்திருக்காது.

பிரிட்டனிலும் இதே பட்டியல் சிக்கல் எழுந்தது. 2022 சட்டப்படி 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்து முதன்முறையாகப் புகைப்பட அடையாளம் கேட்டபோது, முதியோருக்கான பேருந்து அட்டை ஏற்கப்பட்டது. இளைஞர்களின் ரயில் சலுகை அட்டை ஏற்கப்படவில்லை. அந்தத் தேர்தலில் சுமார் 14,000 பேரும், 2024 பொதுத் தேர்தலில் சுமார் 16,000 பேரும் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் வரவே இல்லை என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமரான போரிஸ் ஜான்சனே 2024 மே மாதத்தில் அட்டையை மறந்துவிட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு எடுத்து வந்து வாக்களித்தார். அவரிடம் அட்டையும் இருந்தது, திரும்பி வர நேரமும் இருந்தது. இரண்டும் இல்லாதவர்களின் கணக்குத்தான் அந்த 16,000.

அமெரிக்காவில் முதல் பெரிய தீர்ப்பு இந்தியானா மாநிலச் சட்டம் பற்றியது. 2008 ஏப்ரல் 28 அன்று கிராஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ஏற்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், வாக்குச்சாவடியில் நேரடி ஆள்மாறாட்டம் இந்தியானாவின் வரலாற்றில் ஒருமுறையேனும் நடந்ததற்கு வழக்கு ஆவணங்களில் சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆயினும் தேர்தலின் மீதான பொது நம்பிக்கையைக் காப்பது மாநிலத்தின் நியாயமான அக்கறை என்றும், அட்டை வாங்குவது பெரும்பாலோருக்குப் பெரிய சுமை இல்லை என்றும் எழுதினார். சரியாக 8 நாள் கழித்து இந்தியானாவில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல். சவுத் பெண்ட் நகரில் ஒரு கன்னியர் மடத்தைச் சேர்ந்த, 80 வயதையும் 90 வயதையும் கடந்த சுமார் 12 கன்னியாஸ்திரீகள் வாக்களிக்க வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியவர் அதே மடத்துச் சகோதரி. அன்று தேர்தல் பணியில் இருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர். ஆனால் சட்டம் கேட்ட அட்டை அவர்களிடம் இல்லை. சிலரிடம் காலாவதியான கடவுச்சீட்டு இருந்தது.

என் வாக்குச்சாவடி மேசையை முன்பே விவரித்தது இதற்காகத்தான். சவுத் பெண்டில் இன்னார் இவர் என்பதில் யாருக்கும் ஐயமே இல்லை. அடையாளம் காண்பது என்ற நோக்கம் நிறைவேறிய பிறகும் அட்டை என்ற சடங்கு நிறைவேறாததால் வாக்கு மறுக்கப்பட்டது.

வடக்கு டகோட்டாவில் சிக்கல் அட்டையில் இருந்த முகவரியால் வந்தது. அட்டையில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்களில் பல வீடுகளுக்குத் தெரு முகவரியே கிடையாது. அஞ்சல் பெட்டி எண்தான் உண்டு. 2018 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கும்போது, அந்த விதி அமலாவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. பழங்குடி நிர்வாகங்களே களத்தில் இறங்கி வீடுகளுக்கு முகவரி கொடுத்து இலவசமாகப் புது அட்டைகளை அச்சிட்டன. டர்ட்டில் மவுண்டன் பகுதியில் ஓயாமல் அச்சிட்டதில் இயந்திரம் சூடேறி அட்டைகள் உருகத் தொடங்கின. இன்ன இடத்தில் என் வீடு இருக்கிறது என்று வாக்காளர் வரைபடத்தில் குறித்துக் காட்டினால் போதும் என்ற உடன்பாடு 2020இல் எட்டப்பட்டது. ஒரு மாதத்தில் ஏழைச் சமூகங்கள் செய்து முடித்த இந்த வேலையை மாநில அரசு முன்பே செய்திருக்க முடியாதா என்பதே என் ஆதங்கம்.

இவ்வளவும் சொன்னதால் நான் அடையாளம் கேட்பதற்கே எதிரானவன் என்று எண்ண வேண்டாம். சட்டத்தை ஆதரிப்பவர்கள் பக்கத்திலும் வலுவான வாதங்கள் இருக்கின்றன, எதிர்ப்பவர்கள் அவற்றுக்கு உரிய மதிப்பைப் பல நேரம் தருவதில்லை. அமெரிக்க வாக்காளர் பட்டியல்களில் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் நெடுநாள் நீடிக்கிறார்கள். முகம் தெரியாத நகரத்துச் சாவடியில் கையெழுத்தை மட்டும் நம்பி வாக்களிக்க விடுவது பார்ப்பவருக்கு ஐயத்தைத் தருவது இயல்பு. 2024இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 84 விழுக்காட்டினர் புகைப்பட அட்டையை ஆதரித்தார்கள். அத்தனை பேரையும் இனவெறியர்கள் என்று சொல்வது அபத்தம். 2005இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை வகித்த இரு கட்சிக் குழுவும் புகைப்பட அட்டையைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பரிந்துரையின் மறுபாதியை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை: அட்டை இலவசமாகத் தரப்பட வேண்டும், நடமாடும் அலுவலகங்கள் மூலம் மாநில அரசு தானே மக்களைத் தேடிப் போக வேண்டும், விதியைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்றது அது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்ட மாநிலங்கள்தான் வழக்குகளில் சிக்கின.

அட்டை எந்த மோசடியைத் தடுக்கும் என்பதையும் தெளிவாகப் பேச வேண்டும். ஒருவர் மற்றொருவரின் பெயரைச் சொல்லிச் சாவடிக்குள் நுழைவதை மட்டுமே அது தடுக்கும். 2000 முதல் 2014 வரை பதிவான 100 கோடிக்கும் அதிகமான வாக்குகளில் ஆள்மாறாட்டப் புகார்களைத் தேடி ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட், நம்பத்தகுந்த ஆள்மாறாட்டச் சம்பவங்களாக 31ஐ மட்டுமே கண்டார். பிடிபடாதவை எத்தனையோ என்று கேட்பது நியாயமே. ஆனால் தேர்தல் முடிவையே மாற்ற வேண்டுமானால் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று சிறைத்தண்டனைக்குத் துணிய வேண்டும், அது வெளியே கசியாமல் இருப்பது கடினம். உண்மையில் நடந்த பெரிய மோசடி வேறு வழியாக வந்தது. வட கரோலினாவின் 9ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் 2018இல் ஒரு வேட்பாளரின் ஆட்கள் வீடு வீடாகப் போய் அஞ்சல் வாக்குச்சீட்டுகளைச் சேகரித்துக் கைவைத்தார்கள். முடிவு செல்லாது என்று அறிவிக்கப்பட்டு 2019இல் மறுதேர்தல் நடந்தது. சாவடி வாசலில் எத்தனை அட்டை கேட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

சரி, இந்தச் சட்டங்களால் வாக்குப்பதிவு குறைந்ததா? இங்கே எதிர்ப்பாளர்கள் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கான்சாஸ், டென்னசி மாநிலங்களில் 2008க்கும் 2012க்கும் இடையே வாக்குப்பதிவு சுமார் 2 முதல் 3 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததற்கு அட்டைச் சட்டம் காரணம் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2014இல் மதிப்பிட்டது. ஆனால் 2008 முதல் 2018 வரை நாடு முழுவதும் வாக்காளர்களைப் பின்தொடர்ந்து கான்டோனி, பான்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, கண்டிப்பான சட்டங்கள் மொத்த வாக்குப்பதிவையோ எந்த ஓர் இனத்தாரின் வாக்குப்பதிவையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று கண்டது. அதே ஆய்வு, அந்தச் சட்டங்களால் மோசடி குறையவும் இல்லை, தேர்தலின் மீது மக்களின் நம்பிக்கை கூடவும் இல்லை என்றும் கண்டது. ஒரு கட்சி முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறது, மறு கட்சி இரண்டாம் பாதியை. சட்டம் வந்ததும் எதிர்க்கட்சியினரும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய் மக்களைத் திரட்டி அட்டை வாங்க வைப்பதால் இழப்பு ஈடாகியிருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. டர்ட்டில் மவுண்டன் அனுபவத்தைப் பார்த்தால் அது பொருந்துகிறது. சராசரியில் மாற்றமில்லை என்பது சவுத் பெண்டின் அந்த 12 பேருக்குப் பதிலாகாது. வாக்குரிமை தனி மனிதரின் உரிமை. வேறொருவர் கூடுதலாக வந்து வாக்களித்ததால் எனக்கு மறுக்கப்பட்டது நேராகிவிடாது.

இன்று விவாதம் வாக்குச்சாவடி அட்டையைத் தாண்டிவிட்டது. பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே குடியுரிமையை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும் என்று கேட்கும் மசோதாவை மத்தியப் பிரதிநிதிகள் அவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. இதற்குக் கான்சாஸ் ஒரு முன்னோட்டம் காட்டியிருக்கிறது. அங்கே 2013இல் அமலுக்கு வந்த இத்தகைய சட்டம் 31,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை முடக்கியது. விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு. 19 ஆண்டுகளில் பட்டியலில் நுழைந்த குடியுரிமை இல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர் என்று மாவட்ட நீதிமன்றம் 2018இல் கணக்கிட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முடக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குடிமக்களே, கையில் காகிதம் இல்லாதவர்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்களின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர்தான் இருக்கும் என்பதால் அவர்களும் இன்னொரு சான்று தேட வேண்டும். 28 லட்சம் இந்தியப் பெண்களின் பெயர் சிக்கல் எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் அங்கே எழுந்து நிற்கிறது.

கேள்வியில் இருந்த ஓர் அனுமானத்தையும் திருத்த வேண்டும். இந்தியாவில் மனக்குறை இல்லை என்பது சாவடி மேசையைப் பொறுத்தவரை ஏறத்தாழ உண்மை. பட்டியலைப் பொறுத்தவரை உண்மையல்ல. 2025 ஜூனில் பீகாரில் தேர்தல் ஆணையம் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் காரணம் கூறியது. தகுதியை நிரூபிக்கக் கேட்கப்பட்ட 11 ஆவணங்களில் ஆதாரும் இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை. நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி ஆகஸ்டிலும், அடையாளத்துக்கான 12ஆவது ஆவணமாக ஆதாரை ஏற்கும்படி செப்டம்பரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அந்தத் திருத்தம் விரிந்தது. பட்டியலைச் செம்மைப்படுத்துவது ஆணையத்தின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து குடிமகனுக்கு நகரும் இடத்தில் நாமும் அமெரிக்கர்கள் நிற்கும் அதே இடத்துக்கு வருகிறோம் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன்.

சாவடி மேசையில் அமர்ந்தவன் என்ற முறையில் இதை நெஞ்சாரச் சொல்கிறேன். அட்டை இல்லாமல் வருபவருக்கு எங்களால் ஏதாவது வழி காட்ட முடியும். வீட்டுக்குப் போய்ச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவரும் ஒரு மணி நேரத்தில் வந்து வாக்களித்திருக்கிறார். பட்டியலில் பெயரே இல்லாமல், சென்ற தேர்தலில் இதே சாவடியில் போட்டேனே சார் என்று அட்டையை நீட்டியபடி நிற்பவருக்கு அன்றைக்குச் செய்ய எங்கள் கையில் எதுவும் இல்லை. வரைவுப் பட்டியல் வெளியாகி, உரிமைகோரலுக்கும் ஆட்சேபணைக்கும் அவகாசம் இருக்கும் அந்தச் சில வாரங்களிலேயே உங்கள் பெயரையும், வீட்டிலுள்ள முதியவர்களின் பெயரையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ அப்போதே கொடுத்துவிடுங்கள்.